எட்டாததை அளந்த ஊர்கள்: சாமோஸ் முதல் அஸ்வான் வரை ஒரு வடிவியல் பயணம்

முதல் நாள்: சாமோஸ், யூபலினோஸ் சுரங்கம்

வடிவியல் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் தொடங்குவார்கள். கிரீஸின் சாமோஸ் தீவில் மலைக்குள்ளேயே தொடங்கலாம். பித்தகோரியோ ஊருக்குப் பின்னால் நிற்கும் காஸ்ட்ரோ மலையின் உயரம் 237 மீட்டர். மலைக்கு வடக்கே ஊற்று, தெற்கே பழைய நகரம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அந்த ஊற்று நீரை ஊருக்குள் கொண்டுவர, மெகாராவைச் சேர்ந்த யூபலினோஸ் மலையைக் குடைந்து 1,036 மீட்டர் நீளச் சுரங்கம் வெட்டினார். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்.

சுரங்கத்தின் அகலமும் உயரமும் ஏறக்குறைய 1.8 மீட்டர். வேலை இரண்டு வாயிலிலிருந்தும் ஒரே காலத்தில் நடந்தது. நடுவில் மலை நிற்பதால் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க வழியில்லை. காந்த ஊசியும் அன்று கிடையாது. திசையில் ஒரே ஒரு பாகை பிசகினால், 500 மீட்டர் குடைந்து முடிக்கும்போது பக்கவாட்டில் 8.7 மீட்டர் விலகியிருக்கும். அது சுரங்க அகலத்தைப் போல ஐந்து மடங்குக்குச் சற்றே குறைவு.

திசையைப் பிடிக்க இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. முதல் வழி, மலை மேலேயே ஏறி, ஒரு வாயிலிலிருந்து மறுவாயில் வரை கம்புகளை ஒரே நேரில் நட்டு வருவது. மூன்று கம்பு ஒன்றையொன்று மறைத்தால் அவை ஒரே கோட்டில் இருக்கின்றன. இரண்டாவது வழியை கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஹீரோன் விளக்கமாக எழுதினார். மலையைச் சுற்றி, ஒவ்வொரு திருப்பத்திலும் செங்கோணமாகத் திரும்பித் திரும்பி அளந்துகொண்டே மறுவாயிலுக்குப் போக வேண்டும். தெற்கு நோக்கிப் போன தூரங்களைக் கூட்டி, வடக்கு நோக்கிப் போனவற்றைக் கழிக்க வேண்டும். கிழக்கு மேற்குக்கும் அப்படியே. கணக்குக்காக, மிச்சம் தெற்கே 800 மீட்டர், கிழக்கே 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 4:3. வாயிலில் தெற்கே 4 மீட்டர், அங்கிருந்து செங்கோணமாகக் கிழக்கே 3 மீட்டர் அளந்து முளை அடித்தால், வாயிலையும் கடைசி முளையையும் சேர்க்கும் கர்ணம் மறுவாயிலை நேராகக் காட்டும். சின்ன முக்கோணமும் மலையளவு முக்கோணமும் வடிவொத்தவை, கோணங்கள் ஒன்றே.

யூபலினோஸ் பயன்படுத்தியது மலைமேல் போகும் வழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது. இந்த மலை ஏறக்கூடியது. மேலும் சுற்றிப் போகும் வழியில் ஒவ்வொரு செங்கோணத்திலும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும்.

ஆனால் இந்தச் சுரங்கத்தின் உண்மையான அழகு நேர்கோட்டில் இல்லை, வளைவில் இருக்கிறது. வடக்குப் பக்கத்தில் 270 மீட்டர் அளவு போனதும் நீர்க்கசிவும் உதிரும் பாறையும் வந்துவிட்டன. மேற்கே விலகி ஒரு முக்கோணமாகச் சுற்றிக்கொண்டு பழைய கோட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அதோடு கணக்கில் கொஞ்சம் ஐயம் நுழைந்துவிட்டது. இரண்டு சுரங்கங்களும் இணையாக ஓடி ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டால் வேலை பாழ். அதனால் சந்திப்பை நெருங்கும்போது இரண்டையும் வேண்டுமென்றே திருப்பினார்கள். ஒரே மட்டத்தில் கிடக்கும் இரண்டு கோடுகள் இணையாக இல்லாவிட்டால் எங்கோ வெட்டிக்கொண்டே ஆக வேண்டும். பக்கவாட்டுப் பிழை எவ்வளவாக இருந்தாலும் இந்தத் திருப்பம் அதை விழுங்கிவிடும்.

மேல்கீழ்ப் பிழைக்கு இந்த வைத்தியம் செல்லாது. இரண்டு கோடுகளும் வேறு வேறு மட்டத்தில் இருந்தால், இணையாக இல்லாமலே ஒன்றின் மேல் ஒன்று தொடாமல் போய்விடலாம். அதற்கு யூபலினோஸ் வேறு ஏற்பாடு செய்தார்: வடக்குச் சுரங்கத்தின் கூரையை உயர்த்தினார், தெற்குச் சுரங்கத்தின் தரையைத் தாழ்த்தினார். இரண்டு கோடுகளை இரண்டு உயரமான பட்டைகளாக ஆக்கிவிட்டார். மட்டப் பிழை மிகச் சிறியது என்று பிறகு தெரிந்தது, ஏற்பாடு தேவைப்படவில்லை.

சுரங்கத் தரை ஏறக்குறைய சமமட்டம் என்பதால் நீர் அதில் ஓடாது. ஓரமாகத் தனி வாய்க்கால் வெட்டி, வடக்கே சுமார் 4 மீட்டர், தெற்கே 8 மீட்டருக்கு மேல் என்று ஆழப்படுத்திக்கொண்டே போய், அடியில் சுட்ட மண்குழாய் பதித்திருக்கிறார்கள். திசை, மட்டம், வாட்டம் மூன்றையும் தனித்தனி வேலையாகப் பிரித்த மூளை அது.

போகிறவர்களுக்கு: நுழைவு தெற்கு வாயிலில். தொடக்கத்தில் படியும் வழியும் மிகக் குறுகல். மூச்சு முட்டும் பயம் உள்ளவர்கள் யோசித்துப் போகவும். குறுகிய சுற்று, நீளச் சுற்று என்று பிரித்துச் சீட்டுத் தருகிறார்கள். சந்திப்பு வளைவு வரை போகும் சீட்டுதானா என்று கேட்டு வாங்குங்கள். அது மலையின் நடுவில் இல்லை, தெற்கு வாயிலுக்கு நெருக்கமாக இருக்கிறது.

இரண்டாம் நாள்: பித்தகோரியோ துறைமுகம்

இந்த ஊருக்கு 1955 வரை திகானி என்று பெயர். பித்தகோரஸ் பிறந்த தீவு என்பதால் மாற்றினார்கள். துறைமுகச் சுவரின் முனையில் 1988இல் வைத்த சிலையே ஒரு செங்கோண முக்கோணமாக நிற்கிறது.

செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம். இந்த உறவு பித்தகோரஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியருக்குத் தெரியும். கி.மு. 1800ஐ ஒட்டிய பிலிம்ப்டன் 322 களிமண் பலகையில் இப்படிப்பட்ட எண் தொகுதிகள் வரிசையாக இருக்கின்றன. வேள்விமேடை கட்டுவதற்கான போதாயன சுல்ப சூத்திரமும் இதைச் செவ்வகத்தின் மூலைவிட்டத்தை வைத்துச் சொல்கிறது. கிரேக்கர் சேர்த்தது, இது எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் ஏன் பொருந்தியே தீரும் என்ற நிறுவல்.

நம் ஊர்க் கொத்தனார் மூலை பார்க்க 3, 4, 5 அடிப்பதும் இதுவே. இன்னும் சரியாகச் சொன்னால் இதன் மறுதலை. பக்கங்கள் அந்தக் கணக்கில் இருந்தால் மூலை செங்கோணம். இதில் எவ்வளவு பிழை வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 3, 4, 5 மீட்டர் வைத்து, கர்ணத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் தவறினால் கோணம் 0.24 பாகை பிசகும். 20 மீட்டர் சுவரின் கடைசியில் அது 8 சென்டிமீட்டருக்கு மேல். அதே சென்டிமீட்டர் தவறு 6, 8, 10 மீட்டரில் நடந்தால் பிழை பாதிதான். எனவே இடம் கொடுக்கும் அளவுக்கு முக்கோணத்தைப் பெரிதாக்குங்கள், நைலான் கயிற்றைத் தவிருங்கள். இழுத்தால் நீளும் கயிறு செங்கோணத்துக்கு ஆகாது.

மாலையில் துருக்கியின் குஷாதாசிக்குப் படகு. பருவகாலத்தில்தான் ஒழுங்காக ஓடுகிறது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

மூன்றாம் நாள்: மிலேத்தஸ்

குஷாதாசியிலிருந்து சோக்கே போய், அங்கிருந்து டோல்முஷ் என்னும் சிறுபேருந்தில் மிலேத்தஸ் பக்கம் போகலாம். நான்கு துறைமுகம் வைத்திருந்த ஊர் இன்று கடலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே கிடக்கிறது. மெயாண்டர் ஆறு கொண்டுவந்த வண்டல் வளைகுடாவையே தூர்த்துவிட்டது. கி.மு. 494இல் கடற்போர் நடந்த லாதே தீவு இப்போது சமவெளியில் ஒரு குன்று. கலையரங்கின் மேல்படியில் நின்று பார்த்தால், கப்பல் நின்ற இடங்களில் வயல் தெரிகிறது.

தேலீஸ் இந்த ஊர்க்காரர், கி.மு. 6ஆம் நூற்றாண்டு. எகிப்துக்குப் போய் வடிவியலைக் கொண்டுவந்தவர் என்பது கிரேக்க மரபு. அவர் பெயரில் சொல்லப்படும் செய்திகள் பார்க்க எளியவை: விட்டம் வட்டத்தைச் சரிபாதியாக்கும், இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம், குத்தெதிர்க் கோணங்கள் சமம், அரைவட்டத்துக்குள் அமையும் கோணம் செங்கோணம், ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம். கடைசியதைக் கொண்டு கரையிலிருந்து கப்பலின் தூரத்தை அளந்தார் என்று பிற்கால உரையாசிரியர் புரோக்ளஸ் எழுதுகிறார்.

அந்தத் தேற்றத்துக்குப் பொருந்தும் ஒரு முறை இது. கரையில் கப்பலுக்கு நேராக ஒரு முளை, க. அதிலிருந்து கப்பல் திசைக்குச் செங்கோணமாகக் கரையோரம் நடந்து 50 மீட்டரில் ஒரு கம்பு, ம. அதே நேரில் இன்னும் 50 மீட்டர் போய் ஒரு முளை, ப. இப்போது ப-விலிருந்து கடலுக்கு முதுகைக் காட்டி, கரையோரக் கோட்டுக்குச் செங்கோணமாக உள்நாட்டுப் பக்கம் நடக்க வேண்டும். கம்பு கப்பலை மறைக்கும் இடத்தில் நில்லுங்கள். ப-விலிருந்து நடந்த தூரமே கப்பலின் தூரம். ம-வில் குத்தெதிர்க் கோணங்கள் சமம், க-விலும் ப-விலும் செங்கோணம், நடுப்பக்கங்கள் சமம். கால் நனையாமல் கடலை அளந்தாயிற்று.

கஷ்டம் எங்கே என்றால், கப்பல் இரண்டு கிலோமீட்டரில் நின்றால் நீங்களும் இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டும். இரண்டாம் 50 மீட்டரை 5 ஆகக் குறைத்தால் 200 மீட்டர் நடந்தால் போதும், பத்தால் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் நடந்த அளவில் உள்ள தவறும் பத்து மடங்காகும்.

அரைவட்டத் தேற்றத்தின் நிறுவல் இரண்டே வரி. விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மேலுள்ள ஒரு புள்ளியோடு சேருங்கள். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு ஆரம் போடுங்கள். இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். அடிக்கோணங்களை ஒன்றில் இரண்டு அ, மற்றதில் இரண்டு ஆ என்று கொண்டால், பெரிய முக்கோணத்தின் கூடுதல் 180, எனவே அ + ஆ = 90. தச்சுப் பட்டறையில் இதன் பயன் பெரிது. வட்டப் பலகையின் மையம் தெரியவில்லை என்றால், மூலைமட்டத்தின் முனையை விளிம்பில் வைத்து, இரு கைகளும் விளிம்பை வெட்டும் புள்ளிகளைச் சேருங்கள்: அது விட்டம். வேறிடத்தில் இன்னொரு விட்டம். இரண்டும் வெட்டும் இடமே மையம். இரண்டு விட்டங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்துக்கு அருகில் இருக்கட்டும். சாய்வாக வெட்டினால் புள்ளி தெளிவாக விழாது.

நான்காம் நாள்: திதிமா, சுவரில் கிடைத்த வரைபடம்

மிலேத்தஸிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் அளவில் திதிமா. அப்பல்லோ கோயிலுக்குத் திட்டமிட்டவை சுமார் 120 தூண்கள், ஒவ்வொன்றும் 19 மீட்டருக்கு மேல் உயரம். இன்று முழு உயரத்தில் நிற்பவை மூன்று. பயணிகள் தூணைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே, இருட்டான சரிவு வழியில் இறங்கிப் போகும் கூரையில்லாத முற்றத்தின் சுவரில்.

1979இல் கட்டடக்கலை ஆய்வாளர் லோதர் ஹாசெல்பெர்கர் அந்தச் சுவர்களில் மெல்லிய கீறல்களைக் கவனித்தார். கோடுகளின் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கோயிலின் வேலை வரைபடமே அது: தூண், தூணடி, உள்சன்னதியின் முகப்பு. கட்டி முடிந்தால் சுவரை இழைத்து வழவழப்பாக்கும்போது எல்லாம் அழிந்திருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் வேலை நடந்தும் கோயில் முடியவில்லை. அதனால் வரைபடம் பிழைத்தது.

இவற்றில் ஒன்றை நிதானமாகப் பார்க்கலாம். கிரேக்கத் தூண் மேலே போகப் போக நேராகச் சிறுப்பதில்லை. நடுவில் மெல்லப் புடைத்திருக்கும். திதிமாவில் நேர்கோட்டிலிருந்து புடைப்பு அதிகபட்சம் நாலரை சென்டிமீட்டர் அளவு. 18 மீட்டர் நீளத் தண்டில் நாலரை சென்டிமீட்டர் புடைப்பை வட்ட வில்லாக வரைய என்ன ஆரம் வேண்டும்? நாணின் வர்க்கத்தைப் புடைப்பின் எட்டு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய விடை வரும்: சுமார் 900 மீட்டர். அவ்வளவு நீளக் கயிற்றைக் கட்டி எந்தக் கொத்தனும் வில் போட முடியாது.

அவர்கள் செய்தது இது. ஓர் அடிக்கு 16 விரல். உயரத்தை மட்டும் ஓர் அடிக்கு ஒரு விரலாக, அதாவது பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். அகலத்தைச் சுருக்கவே இல்லை. தூண் சுவரில் குள்ளமாக, ஆனால் முழுப் பருமனோடு நிற்கிறது. இப்போது அதே புடைப்புக்கு மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான ஆரம் போதும். சுவரிலேயே கயிறு கட்டி வரையலாம். பிறகு ஒரு விரல் இடைவெளியில், ஏறக்குறைய 1.85 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, கிடைக்கோடுகள் இழுத்தார்கள். கல்லை ஓர் அடி உயர்த்தினால் சுவரில் ஒரு கோடு மேலே போ. அந்தக் கோட்டில் நடுவிலிருந்து வில் வரை கவராயத்தை விரித்து, அந்த அளவை அப்படியே கல்லில் வை. கணக்கே வேண்டாம்.

வட்டத்தை ஒரு திசையில் மட்டும் இழுத்தால் நீள்வட்டம் ஆகும். ஆகவே முழு அளவில் அந்தத் தூணின் விளிம்பு வட்ட வில் அல்ல, நீள்வட்டத்தின் ஒரு துண்டு. வரைந்தவர் அந்த உண்மையை நினைத்தாரா என்பது முக்கியமில்லை. ஒரு திசையில் சுருக்கி மறு திசையை விட்டுவைக்கலாம் என்ற எண்ணம்தான் பெரியது. இன்றைக்கு ரயில் பாதைக்கும் வாய்க்காலுக்கும் பொறியாளர்கள் போடும் நீள்வெட்டுப் படத்திலும் உயரத்துக்கு ஓர் அளவு, நீளத்துக்கு வேறோர் அளவு.

உச்சிவெயிலில் போனால் ஒரு கோடும் தெரியாது. சுவரை ஒட்டிச் சாய்வாக வெளிச்சம் விழும் நேரம் பார்த்துப் போங்கள். தொட்டுத் தேட வேண்டாம். விரல் பட்டுத் தேயும் ஆழம்தான் அவற்றுக்கு.

ஐந்தாம் நாள்: கீசா

இஸ்மிரிலிருந்து விமானம் மாறி கெய்ரோ, அதை ஒட்டியே கீசா பிரமிடுகள். வரலாற்றில் இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போகிறோம். ஆண்டுதோறும் நைல் வெள்ளம் நிலத்தை அரித்துப் போக, வரி குறைக்க மறுபடி அளக்க வேண்டி வந்தது. அதிலிருந்தே வடிவியல் பிறந்தது என்று ஹெரோடோட்டஸ் சொல்கிறார்.

எகிப்தியர் சாய்வைப் பாகையில் சொல்லவில்லை. ஒரு முழம் உயர்ந்தால் எத்தனை உள்ளங்கை உள்ளே தள்ள வேண்டும் என்று சொன்னார்கள். அதன் பெயர் செகெத். ஒரு முழத்துக்கு 7 உள்ளங்கை. அரச முழம் சுமார் 52.4 சென்டிமீட்டர். பழைய எகிப்தியக் கணக்குச் சுவடியான ரைண்ட் பாப்பிரஸின் 56ஆம் கணக்கு: அடி 360 முழம், உயரம் 250 முழம், செகெத் என்ன? அடியில் பாதி 180. அதை 250 ஆல் வகுத்து 7 ஆல் பெருக்கினால் ஐந்தே ஐந்து உள்ளங்கையும் இருபத்தைந்தில் ஒரு பங்கும். பெரிய பிரமிடுக்கு அடி 440, உயரம் 280 முழம். செகெத் ஐந்தரை. ஒரு மரச்சட்டத்தில் 7 உள்ளங்கை உயரமும் ஐந்தரை அகலமும் வெட்டிக் கையில் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முகப்புக் கல்லையும் அதில் வைத்துப் பார்க்கலாம். கோணத்தைப் படிப்பதைவிட இது பிசகுக்கு இடம் தராத முறை.

அதே பாப்பிரஸில் வட்டத்தின் பரப்பு: விட்டத்தில் ஒன்பதில் ஒன்றைக் கழித்து, மிச்சத்தை வர்க்கமாக்கு. விட்டம் 9 என்றால் 64. சரியான விடை 63.62. பிழை 0.6 சதவீதம்தான். ஆனால் ஏன் ஒன்பதில் ஒன்று என்பதற்கு அதில் நிறுவல் கிடையாது.

தேலீஸ் பிரமிடின் உயரத்தை நிழலால் அளந்தார் என்ற கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. குச்சிக்கும் நிழலுக்கும் உள்ள விகிதமே பிரமிடுக்கும் அதன் நிழலுக்கும். செய்து பார்க்கப் போனால் இரண்டு தடைகள் வரும்.

பிரமிடின் உச்சி நடுவில் இருக்கிறது, நிழல் அங்கிருந்து தொடங்குகிறது. வெளியே விழும் நிழலோடு அடியின் பாதியை, 115.2 மீட்டரை, சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ப்பது சரியாக வர, நிழல் அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக விழ வேண்டும். பிரமிடு திசைகளுக்கு மிகத் துல்லியமாக நிற்பதால் உண்மையான நண்பகலில் அது நடக்கும். இரண்டாவது தடை, நண்பகலில் நிழலே வெளியே வராமல் போவது. பக்கச் சாய்வு 51.8 பாகை, சூரியன் அதைவிடத் தாழ்ந்திருந்தால்தான் வடக்கே நிழல் விழும். கீசாவின் அட்சரேகை 30 பாகை. கணக்குப் போட்டால் அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரைதான் நண்பகல் நிழல் உண்டு. கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு இது அமையாது.

சூரியன் 45 பாகையில் நிற்கும் நண்பகல் நவம்பர் 3ஐயும் பிப்ரவரி 8ஐயும் ஒட்டி வருகிறது. அன்று நிழலும் உயரமும் சமம். கட்டிய காலத்து 146.6 மீட்டர் உயரத்துக்கு வெளிநிழல் 31.4 மீட்டர்தான் இருந்திருக்கும். இப்போது உச்சி உதிர்ந்து உயரம் 138 மீட்டரை ஒட்டி நிற்கிறது. முகப்புக் கற்களும் போய்விட்டதால் அடியின் பாதியைப் பழைய மூலைகளிலிருந்து கணக்கிட வேண்டும். கைக்கடிகாரப் பன்னிரண்டு மணி நண்பகல் ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும். நவம்பர் தொடக்கத்தில் கெய்ரோவில் அது சுமார் 11:39க்கு, பிப்ரவரி 8 அளவில் 12:10க்கு. சூரியன் புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலமுள்ள வட்டமாக இருப்பதால், ஒரு மீட்டர் குச்சியின் நிழல் முனையே இரண்டு சென்டிமீட்டர் மங்கலாக இருக்கும். மங்கலின் நடுவைக் குறியுங்கள். அங்கே ஒரு சென்டிமீட்டர் தவறு, பிரமிடில் ஒன்றரை மீட்டர்.

ஆறாம் நாள்: அலெக்சாண்டிரியா

ரயிலில் இரண்டரை மணி நேரம். யூக்ளிட் கி.மு. 300ஐ ஒட்டி வேலை செய்த ஊர் இது. அவர் காலத்து அறிஞர் கூடம் எங்கே இருந்தது என்று காட்ட ஒரு கல்லும் இல்லை. கோம் எல்-திக்காவில் போலந்து அகழ்வாளர்கள் வெளிக்கொண்டுவந்த வகுப்பறைகள் யூக்ளிட்டுக்கு எண்ணூறு ஆண்டு பிந்தியவை. ஆனாலும் குதிரைலாட வடிவில் படிப்படியாக மாணவர் இருக்கை, நடுவில் ஆசிரியர் மேடை என்று பார்க்கும்போது, பாடம் இந்த ஊரில் எவ்வளவு காலம் நீடித்தது என்று புரிகிறது.

யூக்ளிட்டின் 'மூலங்கள்' 13 பகுதிகள், 465 கூற்றுகள். முதல் பகுதி 23 வரையறை, 5 எடுகோள், 5 பொதுக் கருத்துகளோடு தொடங்குகிறது. பங்கற்றது புள்ளி, அகலமற்ற நீளம் கோடு. எடுகோள்களில் முதல் மூன்றும் கருவிகளுக்கான அனுமதி: இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் சேர்க்கலாம், கோட்டை நீட்டலாம், எந்த மையத்திலும் எந்த ஆரத்திலும் வட்டம் போடலாம். நான்காவது, எல்லாச் செங்கோணங்களும் சமம். ஐந்தாவது இவற்றைவிட நீளம்: இரண்டு கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டி, ஒரு பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் இரண்டு செங்கோணங்களுக்குக் குறைந்தால், அந்தக் கோடுகள் அந்தப் பக்கத்தில் சந்திக்கும்.

சாமோஸ் மலைக்குள் யூபலினோஸ் நம்பியது இதைத்தான். இரண்டரை நூற்றாண்டு கழித்து யூக்ளிட் அதை நிறுவாமல், 'இதை ஒப்புக்கொள்ளுங்கள்' என்று கேட்டு வைத்தார். அப்படிக் கேட்டதில் அவருடைய நேர்மை தெரிகிறது. முதல் 28 கூற்றுகளை இந்த எடுகோளைத் தொடாமலே முடிக்கிறார். 29இல், இணைகோடுகளில் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று காட்டும்போதுதான் வேறு வழியில்லாமல் எடுக்கிறார். முக்கோணத்தின் கோணக் கூடுதல் 180 என்ற 32ஆம் கூற்று இதன் மேல் நிற்கிறது. பித்தகோரஸ் தேற்றமான 47ஆம் கூற்றும் இதன் மேல்தான்.

முதல் கூற்றைக் கையில் கவராயம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். க, ச என்ற இரு முனைகளுள்ள ஒரு கோட்டுத்துண்டு. க மையமாக, கச ஆரமாக ஒரு வட்டம். ச மையமாக அதே ஆரத்தில் இன்னொன்று. இரண்டும் வெட்டும் புள்ளி த. மூன்று பக்கமும் ஒரே ஆரம், எனவே சமபக்க முக்கோணம். அப்பழுக்கில்லாததாகத் தோன்றும். ஆனால் இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் என்று யார் சொன்னது? ஐந்து எடுகோளிலும் அது இல்லை. படத்தில் வெட்டுகிறது என்பதால் நம் கண் ஒப்புக்கொண்டுவிடுகிறது. இந்த ஓட்டையையும் இதுபோன்ற மற்றவற்றையும் முறையாக அடைத்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மன் கணிதர் டேவிட் ஹில்பர்ட், 1899இல். பள்ளியில் படத்தைப் பார்த்து நிறுவல் எழுதும் பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். படத்தில் தெரிவதை, கொடுக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாம் எடுகோளை மற்ற நான்கிலிருந்து வருவிக்க உமர் கய்யாமும் நசீருத்தீன் தூசியும் முயன்றார்கள். 1733இல் சக்கேரி முயன்றார். 1829இல் லோபசெவ்ஸ்கியும் 1832இல் போயாயும் அதை மறுத்தே முரண்பாடில்லாத இன்னொரு வடிவியல் கட்டலாம் என்று எழுதினார்கள். கோளத்தின் மேல் கதை வேறு விதம். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகைக்கு இறங்கி, அதன் மேல் கால் சுற்று நடந்து, மறுபடி துருவத்துக்கு ஏறினால், மூன்று கோணமும் செங்கோணமான முக்கோணம். கூடுதல் 270.

ஏழாம் நாள்: அஸ்வான்

பழைய பெயர் சையீன். எலிஃபன்டைன் தீவில் நைலின் நீர்மட்டம் பார்க்கும் படிக்கட்டு அளவுமானியைப் பார்க்கலாம். கோடைத் திருப்பநாள் நண்பகலில் இங்கே நிழல் விழாது என்று அன்று கொண்டார்கள். அதே நாள் அலெக்சாண்டிரியாவில் சூரியன் உச்சியிலிருந்து ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, 7.2 பாகை, விலகி நிற்பதாக அளந்தார்கள். இதை வைத்து கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பூமியை அளந்தார்.

சூரியக் கதிர்கள் இணை என்று கொள்ளுங்கள். சையீனில் கதிர் பூமியின் மையத்தை நோக்கி இறங்குகிறது. அலெக்சாண்டிரியாவின் நட்ட குச்சியைக் கீழே நீட்டினால் அதுவும் மையத்துக்குப் போகும். அந்தக் குச்சிக்கோடு இரண்டு இணை கதிர்களையும் வெட்டும் குறுக்குவெட்டி. ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். நேற்றுப் பார்த்த 29ஆம் கூற்று. எனவே குச்சியில் 7.2 என்றால் பூமியின் மையத்திலும் 7.2. ஊர்களுக்கிடையே 5,000 ஸ்டேடியா (கிரேக்க நீள அளவு, ஒருமையில் ஸ்டேடியம்), ஐம்பது மடங்கு 2,50,000 ஸ்டேடியா.

எவ்வளவு சரி? ஸ்டேடியத்தை 157.5 மீட்டர் என்று கொண்டால் 39,375 கிலோமீட்டர். 185 மீட்டர் என்றால் 46,250. துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,008. இரண்டு சதவீதப் பிழைக்குள் அளந்தார் என்று கொண்டாடுகிறவர்கள் தமக்குத் தேவையான ஸ்டேடியத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள். அவர் முறையின் பெருமைக்கு அந்தத் துல்லியம் தேவையே இல்லை. அஸ்வான் அப்போதும் கடக ரேகைக்குச் சற்று வடக்கேதான் இருந்தது. மீட்டர் குச்சிக்கு ஆறு மில்லிமீட்டர் நிழல் இருந்திருக்கும். இன்று ரேகை இன்னும் தெற்கே நகர்ந்து, நிழல் பதினொரு மில்லிமீட்டர் அளவு. இரண்டு ஊரும் ஒரே தீர்க்கரேகையிலும் இல்லை, மூன்று பாகை விலகல். ஆனால் அட்சரேகை வித்தியாசம் 7.1 பாகை. கோணத்தை அவர் நன்றாகவே பிடித்திருக்கிறார்.

இதைத் தமிழ்நாட்டிலேயே செய்யலாம். சென்னை 13.08 பாகை, கன்னியாகுமரி 8.08 பாகை; வித்தியாசம் ஐந்து, வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. வடக்கு தெற்காக மட்டும் அளந்த தூரம் சுமார் 553 கிலோமீட்டர். 72 மடங்கு 39,816. சாலைத் தூரத்தைப் போட்டால் கணக்கு கெட்டுவிடும். வரைபடத்தில் அட்சரேகைக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். இரண்டு ஊரிலும் ஒரே நாளில், அவரவர் ஊரில் நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அளவெடுக்க வேண்டும். சென்னைக்கு அது கன்னியாகுமரிக்கு 11 நிமிடம் முன்னதாக வரும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் செய்தால், சூரியன் இரண்டு ஊருக்கும் இடையில் இருப்பதால் ஒரு நிழல் தெற்கேயும் ஒன்று வடக்கேயும் விழும். அப்போது கோணங்களைக் கூட்ட வேண்டும். மற்ற நாட்களில் கழிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கழித்துவிட்டு, பூமி பல மடங்கு பெரிதாக வந்துவிட்டதே என்று திகைப்பவர்கள் உண்டு.

குச்சியைக் கண் மதிப்பில் நட வேண்டாம். ஐந்து பாகையில் ஒரு பாகை சாய்ந்தாலே விடை ஐந்தில் ஒரு பங்கு தவறும். தூக்குக்குண்டு கட்டி வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பார்த்து நிறுத்துங்கள். தரையில் ரசமட்டம் வைத்து எல்லாப் பக்கமும் சரிபாருங்கள். நண்பகலுக்கு இருபது நிமிடம் முன்பே தொடங்கி இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிழல்முனையைக் குறியுங்கள். குச்சியடிக்கு மிக நெருங்கி வந்த குறியை எடுத்துக்கொள்ளுங்கள்.